ரிப்போர்ட் நார்மல், ஆள் எப்படி?

ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸ் லேபில் வெர்னியர் காலிப்பரைக் கையில் கொடுத்ததும் முதலில் என்ன பார்க்கச் சொல்வார்கள்? ஜீரோ எரர். அப்புறம் லீஸ்ட் கவுன்ட். கருவி எதை அளக்குது, எவ்வளவு நுணுக்கமா அளக்குது, தப்பு எங்கே ஒளிஞ்சிருக்கு என்று கேட்காமல் ரீடிங் எடுத்தால் அப்சர்வேஷன் நோட்டில் சிவப்பு மைதான். நீளம், வோல்டேஜ், வெப்பநிலை என்றால் இது நமக்குப் பழகிய விஷயம். ஒரு மனிதர் "எப்படி இருக்கிறார்" என்பதை இதே மாதிரி அளக்க முடியுமா?

முடியும் என்று சொல்லி மருத்துவத்தில் ஒரு துறையே இயங்குகிறது. அந்தக் கருவிகள் எப்படி வேலை செய்கின்றன என்பதை ஒரு நோயை வைத்துப் பார்க்கலாம். நோயின் பெயர் சீலியாக். காரைக்காலில் நம்மில் அநேகம் பேர் அந்தப் பேரையே கேள்விப்பட்டிருக்க மாட்டோம். அப்படிக் கேள்விப்படாததுதான் இங்கே ஒரு சீலியாக் நோயாளிக்குப் பாதிப் பிரச்சினை.

பரோட்டா ஏன் இழுபடுகிறது?

பரோட்டா மாஸ்டர் மாவைத் துணி மாதிரி வீசி விரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கொழுக்கட்டை மாவை அப்படி வீசினால் என்ன ஆகும்? பிய்ந்து விழும். வித்தியாசம் குளூட்டன். கோதுமையிலும் பார்லியிலும் ரை என்ற தானியத்திலும் இருக்கும் புரதம் இது. மாவுக்கு அந்த ரப்பர் குணத்தைக் கொடுப்பது இதுதான். அரிசியில், கேழ்வரகில், கம்பில், சோளத்தில் இது கிடையாது.

சீலியாக் உள்ளவர்களின் உடல், முழுசாகச் செரிக்காத குளூட்டன் துணுக்கை எதிரி என்று எடுத்துக்கொள்கிறது. நோய் எதிர்ப்பு மண்டலம் சண்டைக்குக் கிளம்பி, கடைசியில் சொந்தச் சிறுகுடலின் உட்சுவரையே தாக்குகிறது. அந்தச் சுவரில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகள் மழுங்கித் தட்டையாகிவிடும். ஹீட் சிங்கில் ஃபின் எதற்கு வைக்கிறோம்? பரப்பளவுக்கு. குடலுறிஞ்சிகளும் அதற்குத்தான். ஃபின்னை எல்லாம் அறுத்துவிட்டால் என்ன ஆகுமோ அதுதான் நடக்கிறது: சாப்பிட்டது உள்ளே போகும், சத்து உடம்பில் சேராது. சிலருக்கு வயிற்றுப்போக்கு, எடை குறைதல். சிலருக்கு வயிற்றில் ஒன்றுமே தெரியாது, மாத்திரை போட்டும் தீராத ரத்தசோகை மட்டும். குழந்தையென்றால் வயசுக்கேற்ற உயரம் வராது.

கண்டுபிடிக்க டிடிஜி என்ற எதிர்ப்பொருளை ரத்தத்தில் பார்ப்பார்கள். பிறகு எண்டோஸ்கோபி, பயாப்சி. மருந்து? கிடையாது. குளூட்டனை ஆயுசு முழுக்க விட்டுவிடுவதுதான் சிகிச்சை. கோதுமைதான் குற்றவாளி என்பதை நிறுவியவர் வில்லெம் டிக்கே என்ற நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர். அவருடைய ஆய்வேடு வந்தது 1950ல்.

"விட்டுவிடுவது" என்றால் எவ்வளவு? 2007ல் இத்தாலிய மருத்துவர் கத்தாசியின் குழு ஒரு சோதனையை வெளியிட்டது. ஏற்கெனவே குளூட்டன் இல்லாத உணவில் இருந்த நோயாளிகளுக்குக் கேப்ஸ்யூலில் சின்ன அளவு குளூட்டன் கொடுத்துப் பார்த்தார்கள். நாளுக்கு 50 மில்லிகிராம், மூன்று மாதம் போனால் குடல் பாதிக்கப்படுகிறது என்று தெரிந்தது. ஒரு துண்டு பிரெட்டில் ஏறத்தாழ 2 கிராம், அதாவது 2,000 மில்லிகிராம் குளூட்டன் இருக்கும். 50 மில்லிகிராம் என்பது அந்தத் துண்டில் நாற்பதில் ஒரு பங்கு. ஒரு கிள்ளு. நம்ம நாட்டு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதிப்படி ஒரு பாக்கெட்டில் குளூட்டன் இல்லாதது என்று அச்சடிக்க வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அப்படிப்பட்ட உணவை நாளுக்கு அரைக் கிலோ சாப்பிட்டாலும் 10 மில்லிகிராம்தான்.

வடக்கே 455 கிராம், தெற்கே 25

இது வடநாட்டு வியாதி என்று ஒரு பேச்சு உண்டு. அதில் எவ்வளவு உண்மை என்று பார்த்த பெரிய ஆய்வு 2016ல் வந்தது. குடல் மருத்துவர் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் மற்ற மையங்களைச் சேர்ந்தவர்களும் சேர்ந்து வடக்கு, வடகிழக்கு, தெற்கு என்று மூன்று பகுதிகளில் 23,331 பெரியவர்களைப் பரிசோதித்தார்கள். சீலியாக் நோய் ஆயிரத்துக்கு வடக்கில் 8.53 பேர், வடகிழக்கில் 4.66, தெற்கில் 0.11.

சுவாரசியம் அடுத்த இரண்டு கணக்கில். இந்த நோய் வருவதற்குத் தேவையான மரபணு வகை (எச்.எல்.ஏ. டிக்யூ2 அல்லது டிக்யூ8) வடக்கில் 38.1 சதவீதம் பேரிடம் இருந்தது. தெற்கில் 36.4. கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் ஒருவர் நாளுக்குச் சாப்பிடும் கோதுமை வடக்கில் சராசரி 455 கிராம், தெற்கில் 25 கிராம். துப்பாக்கி நம்மிடமும் இருக்கிறது, தோட்டா குறைவு. ஆனாலும் இது நேர்கோட்டுக் கணக்கு இல்லை: கோதுமை 18 மடங்கு, நோய் 77 மடங்கு. 'சுகர் இருக்கு, ராத்திரிக்குச் சப்பாத்திதான்' என்று வீட்டுக்கு ஒருவராவது ஆகிவிட்ட இந்தக் காலத்தில் அந்த 25 கிராம் எத்தனை வருஷத்துக்கு 25 ஆகவே இருக்கும் என்பதையும் யோசிக்கலாம்.

நம்ம ஊருக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். 2011 கணக்கெடுப்பில் காரைக்கால் மாவட்ட மக்கள்தொகை சுமார் 2 லட்சம். பெரியவர்கள் 1.4 லட்சம் என்று வைத்தால், தெற்கின் விகிதப்படி 15 பேர். வடக்கின் விகிதம் இங்கே இருந்தால் ஏறத்தாழ 1,200 பேர்.

பதினைந்து பேருக்காக யாரும் கடை போட மாட்டார்கள். ஆயிரத்து இருநூறு பேர் இருந்தால் ஹோட்டல்காரருக்கு அந்தச் சொல் தெரிந்திருக்கும், மெடிக்கல் ஷாப்பில் பாக்கெட் இருக்கும், சொந்தக்காரர்களில் ஒருவருக்காவது விஷயம் புரிந்திருக்கும். நோய் அபூர்வமாக இருப்பதால், அது வந்தவருக்கு ஒவ்வொரு நாளும் கூடுதல் வேலை.

அரிசி நாட்டில் என்ன கஷ்டம்?

"டெல்டாவில் எல்லாம் சோறுதானே, இட்லி தோசைதானே, இங்கே வந்தால் அவனுக்குச் சொர்க்கம்தானே" என்று தோன்றும். நம் ஊரில் இருக்கும் என்.ஐ.டி.யில் பாதி இடங்கள் வெளி மாநிலத்தவருக்கு. ஹரியானாவிலிருந்து சீலியாக் உள்ள ஒரு மாணவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓரளவுக்கு அது உண்மைதான். ரொட்டியே பிரதானமான ஊரிலிருந்து சோற்று ஊருக்கு வருவது பெரிய நிம்மதி.

ஆனால் தோசை ஊற்றும் கல்லில்தான் சப்பாத்தியும் போடுகிறார்கள். வடை பொரித்த எண்ணெயில்தான் சமோசாவும் பூரியும் பொரிகின்றன. மாவு மில்லில் நமக்கு முன்னால் நின்றவர் கோதுமை அரைத்துக்கொண்டு போயிருப்பார். நம் அரிசி மாவின் முதல் படியில் அவர் கோதுமை. அப்புறம் ரவா தோசை, சேமியா பாயசம், கேசரி, கோதுமை அல்வா.

யாரும் எதிர்பார்க்காத ஆள் பெருங்காயம். சுத்தப் பெருங்காயம் காட்டமான பிசின். அப்படியே போட முடியாது என்பதால் கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கருவேலம் பிசின் வகையும் மாவும் கலந்திருக்கும். அந்த மாவு பல பிராண்டுகளில் கோதுமை அல்லது மைதா, சிலவற்றில் அரிசி.

"அண்ணே, இந்தச் சாம்பார்ல பெருங்காயம் போட்டிருக்கீங்களா?"

"பெருங்காயம் போடாம சாம்பாரா? என்ன தம்பி கேக்குறீங்க!"

சரி, பதறாமல் ஒரு கணக்குப் போடுவோம். நாலு பேர் சாம்பாருக்கு அரை கிராம் தூள். அதில் பாதி மைதா என்றால் கால் கிராம். மைதாவில் குளூட்டன் பத்தில் ஒரு பங்கு என்றால் 25 மில்லிகிராம். நாலாகப் பிரித்தால் ஆளுக்கு 6 மில்லிகிராம் சொச்சம். அதாவது சாம்பார் மட்டும் ஆளைக் கவிழ்த்துவிடாது. ஆனால் ரசத்திலும் அது உண்டு, மோரிலும் உண்டு, ஊறுகாயிலும் உண்டு, புளியோதரையிலும் உண்டு. கூட்டினால் 10 தாண்டும், 20 தாண்டும். எங்கே போய் நிற்கும் என்று தட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. மில்லிகிராமை விட, மில்லிகிராம் தெரியாத நிலைதான் ஆளைத் தின்கிறது.

அந்தத் தவிப்பு எந்த ரத்தப் பரிசோதனையிலும் வராது. டிடிஜி இறங்கியிருக்கும், ஹீமோகுளோபின் ஏறியிருக்கும், டாக்டர் "எல்லாம் நார்மல், இப்படியே மெயின்டெய்ன் பண்ணுங்க" என்பார். அந்த நார்மல் ரிப்போர்ட்டுக்குப் பின்னால் எத்தனை கல்யாணப் பந்தியிலிருந்து எழுந்து வந்தார், எத்தனை டூர் போகவில்லை என்பது எங்கேயும் பதிவாகவில்லை. அதைப் பதிவு செய்யத்தான் வாழ்வுத்தர வினாத்தாள்கள்.

கேள்விகளே சென்சார்

இதில் இரண்டு வகை. முதலாவது எந்த நோய்க்கும் பொதுவானது. அமெரிக்காவில் உருவான எஸ்.எஃப்-36 அதில் பிரபலம்: 36 கேள்விகள், எட்டு அளவுகள். உலக சுகாதார நிறுவனத்தின் வினாத்தாளின் சுருக்க வடிவம் 26 கேள்விகள். உடல், மனம், உறவுகள், சூழல் என்று நாலு பகுதி. போன இரண்டு வாரத்தை நினைத்துப் பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை. மூன்று கேள்விகள் தலைகீழ். உதாரணமாக, வலி பற்றிய கேள்வியில் ஐந்து என்றால் மோசம், அதைத் திருப்பிப் போட்டுத்தான் கூட்ட வேண்டும்.

பொதுக் கருவியின் பலம், சர்க்கரை நோயாளியையும் சீலியாக் நோயாளியையும் ஒரே தராசில் வைக்கலாம். பலவீனம், மாடிப்படி ஏற முடிகிறதா என்று சீலியாக் ஆளிடம் கேட்டால் "ஓ, தாராளமா" என்பார். முழு மார்க். அவருடைய கஷ்டம் படியில் இல்லை, படியேறிப் போய் உட்காரும் பந்தியில் இருக்கிறது. 0 முதல் 10 வோல்ட் மீட்டரை வைத்து மில்லிவோல்ட் தேடுவது போல.

அதனால் இரண்டாம் வகை, இந்த நோய்க்கென்றே செய்தவை. 2007ல் ஜெர்மனியில் ஹாய்சர் குழு 28 கேள்விகள் கொண்ட ஒன்றை வெளியிட்டது: உணர்வு, சமூகம், கவலை, வயிற்று உபாதை என்று நாலு பிரிவு. குழந்தைகளுக்கு நெதர்லாந்தில் உருவான சிடிடக்ஸ்: எட்டு முதல் பதினெட்டு வயது வரை, 12 கேள்விகள், பதிலுக்கு எண் இல்லை, சிரிக்கிற முகத்திலிருந்து அழுகிற முகம் வரை படம். பெற்றோருக்குத் தனியே ஒரு வடிவமும் உண்டு.

2010ல் அமெரிக்காவில் டோர்ன் குழு செய்த சிடி-க்யூஓஎல் பெரியவர்களுக்கானது. 20 கேள்விகள்: கட்டுப்பாடுகள் பற்றி 9, மனத்தளர்ச்சி பற்றி 4, உடல்நலக் கவலை பற்றி 5, சிகிச்சை போதாமை பற்றி 2. ஐந்து மார்க் வீதம் மொத்தம் நூறு, நூறு என்றால் நல்ல நிலை என்று வரும்படி கூட்டலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மொத்த மார்க்கை மட்டும் பார்க்கக் கூடாது. கற்பனையாக இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். முதல் ஆள் நாலு பிரிவிலும் வாங்கியது 27, 20, 20, 3. இரண்டாம் ஆள் 36, 8, 20, 6. இரண்டு பேருக்கும் கூட்டினால் 70. ஆனால் முதல் ஆளுக்கு வெளியே போய்ச் சாப்பிட வழி வேண்டும், அவ்வளவுதான். மனசு தெளிவாக இருக்கிறது. இரண்டாம் ஆள் எல்லா இடத்துக்கும் போகிறார், வருகிறார், மனத்தளர்ச்சியில் இருபதுக்கு எட்டு. இவருக்குத் தேவை மனநல மருத்துவர். சிஜிபிஏ ஒன்றாக இருப்பதால் இரண்டு மார்க் ஷீட்டும் ஒன்றாகிவிடாது என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கருவிகள் கையில் வந்தபின் தெரியவந்த இரண்டு விஷயங்கள் என்னை யோசிக்க வைத்தன. 2014ல் அமெரிக்காவில் ஷா குழு 341 சீலியாக் நோயாளிகளிடமும் வேறு நோய்கள் உள்ள 368 பேரிடமும் சிகிச்சை எவ்வளவு பாரமாக இருக்கிறது என்று கேட்டது. சீலியாக் ஆட்கள் சொன்ன பாரம், ரத்த அழுத்த நோயாளிகள் சொன்னதை விட அதிகம். முற்றிய சிறுநீரக நோயாளிகள் சொன்னதற்குச் சமமான அளவு. அதே ஆய்வில் உடல்நிலை எப்படி என்று கேட்டால் எல்லாரையும் விட நல்ல மார்க் போட்டதும் சீலியாக் ஆட்கள்தான்! உடம்பு நன்றாக இருக்கிறது, அதை அப்படி வைத்திருக்கும் வேலை முதுகை ஒடிக்கிறது. ஒரே ஒரு எண்ணை மட்டும் வாங்கியிருந்தால் இந்த முரண் கண்ணிலேயே பட்டிருக்காது.

இன்னொன்று 2018ல் நியூயார்க்கிலிருந்து. 80 பதின்பருவத்தினரிடமும் பெரியவர்களிடமும் பார்த்ததில், பத்தியத்தில் அதிதீவிர எச்சரிக்கையோடு இருந்த பெரியவர்களின் வாழ்வுத்தர மார்க் மற்றவர்களை விடக் குறைவாக இருந்தது. "கவனமா இரு, கவனமா இரு" என்று மட்டுமே சொல்லி அனுப்பும் ஆலோசனைக்கு ஒரு விலை இருக்கிறது. அதற்காக அலட்சியமாக இரு என்று அர்த்தமில்லை. சாம்பாருக்கு ஆறு மில்லிகிராம், ஒரு பரோட்டாவுக்கு ஐந்தாயிரம் மில்லிகிராம் என்ற விகிதம் தெரிந்தால் பயத்தை எங்கே செலவழிப்பது என்று தெரியும். என் அபிப்பிராயத்தில் நோயாளிக்கு முதலில் கொடுக்க வேண்டியது தடைப் பட்டியலுக்குப் பதில் இந்த விகிதக் கணக்குதான்.

தமிழில் காலிபரேட் பண்ணுவது

இப்போது நம்ம வேலைக்கு வருவோம். இதைக் காரைக்காலில் ஒருவரிடம் தமிழில் கேட்க வேண்டும். சும்மா மொழிபெயர்த்தால் போதாதா?

தலைப்பிலேயே இடிக்கிறது. "வாழ்க்கைத் தரம்" என்று சொன்னால் நம் காதில் என்ன விழுகிறது? மாடி வீடு, கார், பிள்ளைக்கு நல்ல ஸ்கூல். "வாழ்க்கைத் தரம் எப்படி?" என்று திருநள்ளாறில் ஒரு அம்மாவிடம் கேட்டால், "ஏதோ ரெண்டு மா நிலம் இருக்கு தம்பி, ஓடுது" என்பார். அவர் தப்பாகச் சொல்லவில்லை. கேள்வி வேறு எதையோ அளந்துவிட்டது. லேப் மொழியில் இது வேலிடிட்டி பிரச்சினை. வாழ்வுத்தரம் என்று சொல்லைக் கொஞ்சம் மாற்றுகிறார்கள்; அதுவும் பேச்சில் புழங்காத சொல்தான். நேரடியாக "இப்போ நாளெல்லாம் எப்படிப் போகுது?" என்று கேட்டால் பதில் வரும்.

பதில் சொற்களிலும் சிக்கல். 'கொஞ்சம்', 'ஓரளவு', 'நிறைய', 'ரொம்ப' இவற்றுக்கு இடையே சம தூரம் இருக்கிறதா? உலக சுகாதார நிறுவனம் 1990களில் இதை எப்படித் தீர்த்தது என்பது எந்த இன்ஸ்ட்ருமென்டேஷன் மாணவருக்கும் பிடிக்கும். பத்து சென்டிமீட்டர் கோடு ஒன்றைப் போட்டு, இரண்டு முனையிலும் 'இல்லவே இல்லை', 'முழுக்க முழுக்க' என்பது போலச் சொற்களை வைத்துவிடுவார்கள். நடுவில் உள்ள சொற்களை ஒவ்வொன்றாகக் கொடுத்து, கோட்டில் எங்கே வரும் என்று ஊர் மக்களையே குறிக்கச் சொல்வார்கள். 25, 50, 75 சதவீதத்துக்குப் பக்கத்தில் எந்தச் சொல் விழுகிறதோ அதுதான் அந்த மொழியின் அளவுகோல். உலகம் முழுக்கப் பதினைந்து மையங்களில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் சென்னையும் ஒன்று. ஆக, பொது வினாத்தாளைப் பொறுத்தவரை தமிழ் ஆரம்பத்திலேயே மேசையில் உட்கார்ந்திருந்தது.

சீலியாக் வினாத்தாளுக்கு வந்தால் இன்னும் கீழே இறங்க வேண்டும். சிடி-க்யூஓஎல்லில் ஒரு கேள்வி, பிறந்தநாள் கேக், பீட்சா மாதிரியான விசேஷ உணவைச் சாப்பிட முடியவில்லையே என்ற வருத்தம் பற்றியது. ஹாஸ்டலில் கேக் சரி; முகத்தில் பூசுவதற்கே ஒரு கிலோ வாங்குகிறோம். ஐம்பது வயது நெடுங்காட்டு விவசாயிக்கு? பீட்சா சாப்பிட முடியாததில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. முழு மார்க் போட்டுவிடுவார். நோய் அவரைத் தொடவே இல்லை என்று கருவி சொல்லும். அவருக்குச் சனிக்கிழமை ஒருபொழுது இருந்தால் ராத்திரிக்குச் சோறு கூடாது, பலகாரம்தான். பலகாரம் என்றால் கோதுமை ரவை உப்புமா அல்லது சப்பாத்தி. கிறிஸ்தவராக இருந்தால் பூசையில் வாங்கும் நற்கருணை அப்பம் கோதுமை. கத்தோலிக்கத் திருச்சபை விதிப்படி அதில் குளூட்டனைக் குறைக்கலாம், அடியோடு எடுக்க முடியாது. நோன்புக் கஞ்சி அரிசி என்பதால் தப்பியது, கூடவே தட்டில் வரும் சமோசா தப்பாது. இவர்களைக் கேட்க வேண்டிய கேள்வி பீட்சா இல்லை: "விசேஷத்துல எல்லாரோடயும் உக்காந்து ஒரே தட்டுல சாப்பிட முடியலையேன்னு இருக்கா?"

கல்யாணமாகாத பெண்ணுக்கு இன்னொரு கேள்வி சேர்க்க வேண்டும், மேல்நாட்டு வினாத்தாள்கள் யோசிக்காத ஒன்று. "மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?" நோயை மறைத்துக் கட்டிக்கொடுத்தால் மாமியார் வீட்டில் பத்தியம் இருக்க முடியாது. "ஒரே ஒரு வாய் சாப்பிடும்மா, ஒண்ணும் ஆகாது" என்று பாசத்தோடு ஊட்டுவார்கள். மறுக்கவும் முடியாது, சொல்லவும் முடியாது.

இப்படிக் கேள்விகளை மாற்றினால் கருவி பழைய கருவியாக இருக்காது. மறுபடி சோதிக்க வேண்டும். தமிழுக்குக் கொண்டுவந்ததை, மூலத்தைப் பார்க்காத ஒருவர் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய் ஒப்பிடுவார். பிறகு சில நோயாளிகளிடம் கொடுத்து, "இந்தக் கேள்வியை நீங்க எப்படிப் புரிஞ்சுக்கிட்டீங்க?" என்று அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்வார்கள். ஒரே ஆளுக்கு இரண்டு வாரம் கழித்துக் கொடுத்தால் ஏறக்குறைய அதே மார்க் வருகிறதா? அது ரிப்பீட்டபிலிட்டி. ஒரு பிரிவின் கேள்விகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா? அதற்கு 1951ல் க்ரோன்பாக் கொடுத்த ஆல்ஃபா. 0.7க்கு மேல் இருந்தால் பரவாயில்லை என்பார்கள். 0.95 வந்தால் சந்தோஷப்படாதீர்கள்: ஒரே டீ கிளாஸில் மூன்று தெர்மாமீட்டரை விட்டு மூன்றும் ஒத்துப்போகிறது என்று சொல்வது போல, ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டிருக்கிறோம் என்று அர்த்தம்.

டிரிஃப்ட்டும் உண்டு. நோய் தெரிந்த முதல் மாதத்தில் 'ரொம்பக் கஷ்டம்' என்று ஐந்தைச் சுழித்தவர், மூன்று வருஷம் கழித்து அதே கஷ்டத்துக்கு மூன்றைச் சுழிப்பார். கஷ்டம் குறைந்ததா, அவருக்குள் இருந்த அளவுகோல் நீண்டுவிட்டதா? இரண்டும் நடக்கும். இதைப் பிடிக்க ஒரு வழி: இன்றைய நிலையைக் கேட்ட கையோடு, "மூணு வருஷத்துக்கு முன்னாடி எப்படி இருந்துச்சு, இப்போ யோசிச்சுச் சொல்லுங்க" என்று பழைய நிலைக்கும் இன்றைய அளவுகோலால் மார்க் வாங்குவது. அன்று போட்ட மார்க்குக்கும் இன்று நினைவிலிருந்து போடும் மார்க்குக்கும் உள்ள இடைவெளி, டிரிஃப்ட் எவ்வளவு என்று ஒரு மதிப்பீடு தரும். நினைவும் பிசகும் என்பதால் இது பூரணமான திருத்தம் இல்லை.

கடைசியில் வந்து முட்டும் சுவர் ஆள் எண்ணிக்கை. கேள்விக்கு ஐந்து முதல் பத்துப் பேர் வேண்டும் என்பது இந்தத் துறையில் புழங்கும் கைக்கணக்கு. இருபது கேள்வி என்றால் 100 முதல் 200 நோயாளிகள். காரைக்காலில் நம் கணக்குப்படி இருப்பதே பதினைந்து. அதில் கண்டறியப்பட்டவர் எத்தனை பேரோ. ஒரு ஊரை நம்பி இந்தக் கருவியைச் செய்ய முடியாது. சென்னை, வேலூர், புதுச்சேரி என்று பெரிய ஆஸ்பத்திரிகள் சேர்ந்தால்தான் நடக்கும். கூகுள் ஃபார்ம் ஓட்டி ஒரு வாரத்தில் முடிக்கிற மினி ப்ராஜெக்ட் இல்லை இது.

பதினைந்து பேரை வைத்துச் செய்யக்கூடிய வேலை வேறு ஒன்று இருக்கிறது. எண் வாங்குவதற்கு முந்தைய வேலை அது: உட்கார்ந்து பேசுவது. எந்தக் கேள்வி இல்லாமல் போயிருக்கிறது என்று கண்டுபிடிக்க இருநூறு பேர் தேவையில்லை. பெருங்காயமும் மாவு மில்லும் சனிக்கிழமைப் பலகாரமும் அப்படிப் பேசினால்தான் பட்டியலில் ஏறும். இப்போதைக்கு மெஸ்ஸில் ஒருவர் கேட்டால், சாம்பாரில் என்ன பெருங்காயம் என்று வாயால் சொல்வதை விட அந்த டப்பாவையே எடுத்துக் கையில் கொடுங்கள். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதிப்படி கோதுமை இருந்தால் அதன் லேபிளில் போட்டிருக்க வேண்டும்.